கால்பந்து மேனேஜருக்கு ஒரு கேள்வித்தாள்

சங்க அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் இரண்டு பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தேசிய அணிக்குப் புது மேனேஜர் தேடுகிறார்களாம். விண்ணப்பித்தவர்களைத் தரம் பிரிக்க நீங்கள் ஒரு படிவம் தயாரித்திருக்கிறீர்களாம். முப்பத்திரண்டு கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் மார்க். "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டீர்கள். பிரமாதம் என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினேன். அது பொய். வயதானவனிடம் பாராட்டு வாங்கிப்போக வந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து உண்மை சொல்ல மனம் வரவில்லை. எழுத்தில் சொல்வது எனக்குச் சுலபம், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் வயதில் நானும் இப்படி ஒரு புத்திசாலித்தனம் செய்தவன். உங்களுடைய முப்பத்திரண்டு கட்டங்களுக்கு நான்தான் பூட்டன் முறை வேண்டும்.

சுதந்திரம் வந்த புதிது. மதராஸில் கால்பந்துச் சங்கம் என்றால் ஓர் அறை, ஒரு டைப்ரைட்டர், ஒரு குமாஸ்தா. குமாஸ்தா நான். வயது இருபத்தாறு. மந்தைவெளியிலிருந்து சைக்கிளில் வந்து, சங்கத்தின் மொத்த அறிவும் என் தலையில்தான் இருக்கிறது என்ற நினைப்போடு நாற்காலியில் உட்காருவேன். எனக்கு மேலே ஐந்து பேர் கொண்ட குழு. ஐவரில் பந்தைக் காலால் தொட்டவர் ஒருவர் கூடக் கிடையாது. தலைவர், கோபாலபுரத்தில் பெரிய பங்களா வைத்திருந்த வக்கீல். அவர் வீட்டு வராந்தாவில்தான் கூட்டம் நடக்கும். இரண்டாமவர் தி.நகரில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். மூன்றாமவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை போட்டிருந்த அண்ணாச்சி. மற்ற இருவரும் முதல் இருவர் தலையாட்டுவதைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அவர்களை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, நானும் வைத்துக்கொள்ளவில்லை.

மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தேசிய அணி கொழும்புக்குப் போய் மூன்று ஆட்டங்கள் ஆடப் போகிறது, பயணம் மதராஸிலிருந்து புறப்படுகிறது, ஆகவே மேனேஜரை மதராஸ் குழுவே நியமிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ரயில் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறதோ அந்த ஊரில்தான் கால்பந்து அறிவு இருக்கும் என்று மேலிடம் நம்பியது. அந்தக் காலத்து மேனேஜர் இன்றைக்குப் போல நாலு உதவியாளர்களோடு வருகிறவர் அல்ல. பயிற்சி கொடுப்பதும் அவர், ஆளைப் பொறுக்கி இறக்குவதும் அவர், டிக்கெட்டும் அவர், விருந்தில் எழுந்து நின்று நன்றி சொல்வதும் அவர்.

செய்தி வெளியானதும் சிபாரிசுகள் வந்து குவிந்தன. ஒருவர் தன்னிடம் சொந்தமாகக் கோட்டு இருப்பதை முதல் தகுதியாகக் குறிப்பிட்டிருந்தார். இன்னொருவருக்குப் படகில் போனால் குமட்டாதாம். தலைவருக்கு ஒரு மைத்துனர் இருந்தார். ஹெட்மாஸ்டருக்கு ஒரு பழைய மாணவர் இருந்தார். தலையாட்டிகள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு மருமகன் இருந்தார். மூன்று கூட்டங்கள் நடந்தன. மூன்றிலும் வடையும் காபியும் தீர்ந்தன, விஷயம் தீரவில்லை.

யாரும் சிபாரிசு செய்யாத ஒரே ஆள் காதர் பாய். சிந்தாதிரிப்பேட்டையில் ஜட்காக் குதிரைகளுக்குச் சேணம் தைக்கும் கடை வைத்திருந்தார். வெறுங்காலோடு இருபது வருடம் நடுத் தடுப்பாட்டம் ஆடி, வலது முட்டி போனதும் நிறுத்தியவர். சாயங்காலமானால் கடையை மூடிவிட்டுத் தீவுத்திடலுக்கு வந்துவிடுவார். துறைமுகத்திலும் அச்சாபீசிலும் வேலை செய்கிறவர்கள் அவரிடம் ஆட வருவார்கள். தேசிய அணிக்கு மதராஸிலிருந்து எடுத்திருந்த மூன்று பேரும் அவர் தேய்த்து எடுத்த ஆட்கள்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். குழுவுக்கும் தெரியும். ஆனால் ஒரு பெயரைச் சொல்ல யாராவது ஒருவர் வாயைத் திறக்க வேண்டுமல்லவா? குமாஸ்தா வாயைத் திறந்து பெயர் சொல்வதா என்று நான் சும்மா இருந்தேன்.

பெயர் சொல்லவில்லையே தவிர, அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னேன். நான்காவது கூட்டத்தில், மைத்துனருக்கும் மருமகன்களுக்கும் நடுவில் குழு விழி பிதுங்கிக்கொண்டிருந்தபோது, நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "ஒரு பரீட்சை வைத்துவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாதே" என்றேன்.

நான்கு முகங்களில் விளக்கேற்றியது போல் ஆயிற்று. மயிலாப்பூரைச் சுற்றி வளர்ந்தவர்களுக்குப் பரீட்சை என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு நிம்மதி. "பேஷ்! எழுத்துப் பரீட்சை. மூணு மணி நேரம். எவன் முதல் மார்க்கோ அவனுக்கு உத்தியோகம். பட்சபாதம்ன்னு ஒருத்தன் நாக்கு மேல பல்லப் போட முடியாது" என்றார் தலைவர். கேள்வித்தாளை நானே தயாரிக்கிறேன் என்று ஹெட்மாஸ்டர் அப்போதே பேனாவைத் திறந்துவிட்டார்.

ஜவுளிக்கடை அண்ணாச்சி மட்டும் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "கடைக்கு ஆள் எடுத்தா நான் ஒரு சேலையக் கையில குடுத்து மடிக்கச் சொல்லுவேன். மடிக்கிற விதத்துலயே தெரிஞ்சு போகும். பரீட்சை எதுக்குங்கேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். கூட்டக் குறிப்பில் நான் எழுதியது இது: 'உறுப்பினர் ஒருவர் நகைச்சுவையாகப் பேசினார்.' அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் என் காது சூடாகிறது. அந்தக் கூட்டத்தில் அன்று பேசப்பட்ட ஒரே விவரமான பேச்சை நகைச்சுவை என்று பதிவு செய்தவன் நான்.

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தை ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வாங்கினோம். நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பேனா, மைக்கூடு, மையொற்றும் தாள் எல்லாம் கொண்டுவந்தார்கள். சிலர் நெற்றியில் புது விபூதி. காதர் பாயும் வந்தார். தீவுத்திடல் பையன்கள் தள்ளிவிட்டிருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சில் அவருடைய முட்டி மடங்கவில்லை. ஒருக்களித்து உட்கார்ந்து காலை வழியில் நீட்டியிருந்தார். மேற்பார்வையாளன் நான். "காலை உள்ளே வையுங்கள்" என்று அதட்டினேன்.

கேள்வித்தாளைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கால்பந்தின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி விவரி. பந்தின் எடையும் சுற்றளவும் யாவை? நல்ல தடுப்பாட்டக்காரருக்கு வேண்டிய ஏழு குணங்களை எழுது. விளையாட்டும் நற்குடிமையும் என்ற தலைப்பில் கட்டுரை வரை. எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன, பதிலும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். வெள்ளைக்காரன் கப்பலேறி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவனுக்குப் பதிலாக ஹெட்மாஸ்டர் இருந்தார்.

கால்மணி நேரம் கழித்துக் காதர் பாய் என்னைக் கூப்பிட்டார். தமிழும் உருதுவும் எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஆங்கிலம் பேசினால் ஓரளவு புரிந்துகொள்வார், எழுத வராது.

"சார், இதெல்லாம் இன்னான்னு நீங்க படிச்சுச் சொன்னா நான் வாயால பதில் சொல்றேன். எழுதிக்கிறீங்களா?"

"விதியில் இடமில்லை."

"ஆருக்கும் தெரியாம இல்ல சார், எல்லாருக்கும் கேக்கற மாதிரியே சொல்றேன்."

"விதியில் இடமில்லை" என்றேன் மறுபடியும். விதியை எழுதியவனே நான்தான். நான் நினைத்திருந்தால் அங்கேயே ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஆனால் அந்த நாற்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கண்டிப்பான ஆள் என்று பெயர் எடுக்கும் ஆசை எனக்கு. அவர் தமிழில் மூன்று வரி எழுதி, பந்தின் எடையை எண்ணில் போட்டுவிட்டு, காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். எண்ணுக்கு மொழி வேண்டியதில்லை என்பதால் ஏழு மார்க் கிடைத்தது.

முதல் மார்க் வாங்கியவர் வரதன். மந்தைவெளியில் கணக்கு டியூஷன் நடத்துகிறவர். என்ன பரீட்சைக்கு விளம்பரம் வந்தாலும் எழுதுவது அவருக்குப் பழக்கம். தபால் இலாகா, ரயில்வே, நகரசபை என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தார். இதையும் ஏதோ குமாஸ்தா வேலை என்று நினைத்துத்தான் வந்தாராம். கேள்வித்தாளைப் பார்த்தபின்தான் கால்பந்து என்று தெரிந்தது, அப்படியும் எண்பத்தெட்டு. ஏழு குணங்கள் கேட்ட இடத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உட்பிரிவு கொடுத்திருந்தார். ஹெட்மாஸ்டர் அந்த விடைத்தாளைத் தடவிக் கொடுத்ததை நான் பார்த்தேன்.

ஆள் கெட்டவர் அல்ல. முதல்நாள் பயிற்சிக்குக் குடையும் நோட்டுமாக வந்தார். வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கேட்டார், ஆஜர் போட்டார். பிறகு பந்தை நடுவில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மாலையே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"சார், ஒங்ககிட்ட மறைப்பானேன், நேக்கு இதுல ஒண்ணும் தெரியலை. காதர் பாய்னு ஒருத்தர் இருக்காராமே, ஆட்டக்காராள்லாம் அவர் பேரைத்தான் சொல்லிண்டிருக்கா. அவரைக் கொஞ்சம் கூட வந்து நிக்கச் சொல்ல முடியுமோ?"

எவ்வளவு நல்ல வேண்டுகோள்! நான் அதைத் தலைவரிடம் கொண்டுபோனேன். அவர் கேஸ் கட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏங்காணும், ஏழு மார்க் வாங்கினவன் எண்பத்தெட்டு மார்க் வாங்கினவனுக்குச் சொல்லிக் கொடுக்கறதா? அப்பறம் பரீட்சைக்கு என்ன மரியாதை?" என்றார். எனக்கும் அதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. பரீட்சை என்னுடைய யோசனை ஆயிற்றே, அதற்கு மரியாதை குறைந்தால் எனக்கும் குறையும். வரதனிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கொழும்பில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. தோற்றதைப் பற்றி எனக்கு இப்போது வருத்தமில்லை. தோற்காத அணி எங்கே இருக்கிறது? ராயப்பனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், இருபத்துநாலு வயது, இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர். முதல் ஆட்டத்திலேயே அவர் முட்டியில் அடி. மறுநாள் வரதன் அவரிடம் நல்ல மனதோடு, "ஆட முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். "ரெடி சார்" என்றார் ராயப்பன். இரண்டாவது ஆட்டத்துக்குப் பிறகும் கேட்டார், அப்போதும் "ரெடி சார்". மூன்றாவது ஆட்டத்தில் நல்ல மழை. பாதி ஆட்டத்தில் ராயப்பன் தானாகவே விழுந்தார், பக்கத்தில் யாருமே இல்லை. ஊர் திரும்பியபோது இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பூரில் இறங்கினார். அதற்குப் பிறகு அவர் மூட்டை தூக்கவில்லை.

வரதன் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். தனக்குத் தகுதி இல்லை, காதர் பாயை நியமியுங்கள் என்று பச்சையாக எழுதியிருந்தார். குழு கூடியது. தோல்விக்குக் காரணம் ஆராய்ந்தது. இரண்டு மணி நேர ஆராய்ச்சிக்குப்பின் கேள்வித்தாள் சுலபமாக இருந்துவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். அடுத்து பர்மாவுக்குப் பயணம் இருந்தது. அதற்கு இன்னும் கடினமான பரீட்சை வைப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. நான் தட்டச்சு செய்து ஐந்து பிரதி எடுத்தேன்.

அன்று சாயங்காலம் சைக்கிளை நேரே சிந்தாதிரிப்பேட்டைக்கு விட்டேன். கடையில் காதர் பாய் ஒரு சேணத்தைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். மூலையில் ராயப்பன் காலை நீட்டி உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். வேலை போனபின் பாய்தான் கூட வைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், மறுபடி பரீட்சை வருகிறது. நீங்கள் எழுத வேண்டும்."

"ஒரு தபா ஃபெயிலானது போதும் சார். இந்த வயசுல இன்னொரு தபா வோணாம்."

"ராயப்பனுக்கு ஏன் இப்படி ஆனது என்று நினைக்கிறீர்கள்?"

அவர் ஊசியை நிறுத்தினார். அவருடைய கோபம் அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"ஆட்டக்காரனைப் போயி ஆடுறியான்னு கேப்பாங்களா சார்? கால் இல்லாட்டியும் ஆடுறேன்னுதான் சொல்லுவான். அவன் வாயைக் கேக்கக் கூடாது, காலைக் கேக்கணும். நாலு படி ஏறி எறங்கச் சொல்லியிருந்தா போதும். ஏறுறப்போ ஏமாத்திடலாம், எறங்குறப்போ முட்டி காட்டிக் குடுத்துடும். என் முட்டி அப்பிடித்தான் போச்சு, அன்னிக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்ல." ராயப்பன் பக்கம் பார்க்காமலே பேசினார். "இவனுக்குச் சொல்ல நான் இருந்தேன். இருந்தும் இன்னா பிரயோசனம், நான் இங்க தச்சிக்கினு கீறேன்."

"அதனால்தான் வாருங்கள் என்கிறேன். இந்த முறை நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்."

"ரூல்ஸ்ல எடம் இல்லன்னீங்களே?"

"இந்த முறை இருக்கும்."

தம்பிகளா, என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தில்லுமுல்லு இது. அறிவிப்பைத் தட்டச்சு செய்யும்போது பதினான்காவது விதியாக, 'கண்பார்வை குறைந்தோர் எழுத்தர் உதவி பெறலாம்; எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதித் தருவார்' என்று ஒரு வரி நுழைத்தேன். குழு பதின்மூன்றாவது விதிக்குமேல் எதையும் படித்ததில்லை. ஐந்து கையெழுத்தும் விழுந்தன. காதர் பாய்க்கு என் பெரியப்பாவின் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாயங்கால வெளிச்சத்தில் ஊசிக் காதில் நூல் கோக்கிறவர் அவர். "இத்த போட்டா ஒண்ணுமே தெரியல சார், பரீட்சை நடக்குற எடத்துக்குக் கையப் புடிச்சுத்தான் இட்டுக்கினு போவணும்" என்றார். அது மிகவும் பொருத்தமாக இருந்தது, நானும் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போனேன்.

தனி அறை. அவர் சொல்லச்சொல்ல நான் எழுதினேன். ஒன்றைப் பற்றி மட்டும் என்னோடு நானே சண்டை போட்டுக்கொண்டேன். ஏழு குணங்கள் எழுதும் கேள்வி மறுபடி வந்திருந்தது.

"ஏழா? ஒண்ணே ஒண்ணுதான் சார். பந்து தாண்டிப் போயிட்டா திரும்பி ஓடணும். கைய விரிச்சுக்கினு அடுத்தவனப் பாக்கக் கூடாது."

மீதி ஆறையும் நானே எழுதிவிட என் கை துடித்தது. துணிவு, பொறுமை, கீழ்ப்படிதல் என்று வரிசையாக நாக்கின் நுனியில் நின்றன. ஆனால் அது வரதன் எழுதிய விடை. இந்த மனிதரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இவர் சொல்வதற்காகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தோன்றியது. அவர் சொன்னதை அப்படியே, எனக்குத் தெரிந்த மிக உயர்ந்த ஆங்கிலத்தில் எழுதினேன். கல்லூரியில் மெடல் வாங்கிய ஆங்கிலம் அது. மொழிதான் இவருக்குத் தடை, அதை எடுத்துவிட்டால் யாருக்கும் உண்மை விளங்கிவிடும் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

இரண்டு கோல் பின்தங்கி, பத்து நிமிடம் மீதி இருந்தால் மேனேஜர் என்ன செய்ய வேண்டும் என்று இன்னொரு கேள்வி.

"அந்தப் பத்து நிமிசத்துல நான் இன்னா பண்றது சார்? அதுக்கு மின்னாடி ஒரு மாசம் இன்னா பண்ணேன்னு கேக்கச் சொல்லு."

அதையும் எழுதினேன். ஆட்டக்காரரின் உடற்தகுதியை அறியும் வழிகளைக் கேட்டிருந்தார்கள். "படி எறங்கச் சொல்லுவேன்" என்றார். அதையும் எழுதி, இறங்கும்போது முட்டி ஏன் காட்டிக்கொடுக்கும் என்று அவர் சொன்னதையும் விடாமல் எழுதினேன். வெளியே வரும்போது இருவருக்கும் சந்தோஷம். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நீ நல்ல ஆளு நைனா" என்று என் முதுகில் தட்டினார். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு பரீட்சைக்கும் நடுவில் மந்தைவெளியில் வேறொரு தொழில் முளைத்திருந்தது. வரதன் தன் கணக்கு டியூஷனோடு மேனேஜர் பரீட்சைக்கும் வகுப்பு ஆரம்பித்திருந்தார். வழியில் பார்த்தபோது கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "ராயப்பனை நினைச்சா நேக்குத் தூக்கம் வரலை சார். ஆனா தேடிண்டு வரா, என்ன செய்யறது, நேக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிஞ்சது பரீட்சை ஒண்ணுதானே" என்றார். முதல் மூன்று இடங்களையும் அவருடைய மாணவர்கள்தான் பிடித்தார்கள். முதலிடத்துக்காரர் அடையாறில் ஒரு வாசகசாலைக் காரியதரிசி. பந்தைப் பற்றி நிறைய வாசித்திருந்தார்.

இந்த முறை ஹெட்மாஸ்டர் மார்க்கை இரண்டாகப் பிரித்திருந்தார். மொழிநடைக்கு நாற்பது, விஷயத்துக்கு அறுபது. காதர் பாய்க்கு மொழிநடையில் முப்பத்தாறு. விஷயத்தில் ஒன்பது. விடைத்தாளின் தலைப்பில் சிவப்பு மையில் ஹெட்மாஸ்டர் எழுதியிருந்தார்: 'அபாரமான ஆங்கிலம். கால்பந்து அறிவு போதாது.'

அந்த வரியை மார்க் பட்டியலில் ஏற்றும் முன் இரண்டு முறை படித்தேன். மொழிதான் தடை என்று நினைத்தேனே! மொழியை எடுத்து வைத்தபிறகும் அவர்கள் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. சரி, இந்த முறையாவது வாயைத் திறப்போம் என்று கோபாலபுரத்துக்குப் போனேன். பட்டியலை வைத்துவிட்டு உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன்.

"காதர் பாயின் தாளை எழுதியது நான். அதிலிருக்கும் ஆங்கிலம் என்னுடையது, கால்பந்து அவருடையது. விஷயத்துக்குக் கொடுத்த மார்க்கைக் குழு தயவுசெய்து மறுபடி பார்க்க வேண்டும்."

ஜவுளிக்கடை அண்ணாச்சிதான், "அந்தாளு என்னதான் எழுதியிருக்காரு? ஒண்ண வாசிங்க, கேப்போம்" என்றார். படி இறங்கச் சொல்லும் பதிலை வாசித்து, தமிழிலும் சொன்னேன்.

"சரியாத்தான சொல்லியிருக்காரு! எங்க கடை மாடிப்படியிலயே நான் பாத்திருக்கனே" என்றார் அண்ணாச்சி.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியை மேலே தள்ளினார். "மைதானத்துல படி எங்க இருக்கு சார்? அதான் மார்க் போடலை."

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் என்மேல் கோபப்படவில்லை. நல்ல வக்கீல், சட்டநுணுக்கம் ஒன்று கைக்கு அகப்பட்டுவிட்டால் கோபமே வராது. "நீர் சொல்றதுல ஒரு பாயிண்ட் இருக்கு ஓய். இங்கிலீஷ் ஒம்மோடது. ஒம்ம இங்கிலீஷுக்குப் போட்ட மார்க் அந்த மனுஷனுக்கு எப்படிச் சேரும்? அந்த முப்பத்தாறையும் கழிச்சுடும்" என்றார்.

கழித்தேன். அங்கேயே, அந்த வராந்தாவிலேயே, என் பேனாவால் நாற்பத்தைந்தை அடித்து ஒன்பது என்று எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டேன். முடியாது என்று பேனாவை வைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்கும், டைப்பிங் தெரிந்தவனுக்கு மதராஸில் வேறு வேலையா இல்லை? அதெல்லாம் வீட்டுக்குப் போய் யோசித்தது. அந்த நிமிடத்தில் தலைவர் கழிக்கச் சொன்னார், எனக்குக் கழித்தல் தெரியும், கழித்தேன். இத்தனை வருட உத்தியோகத்தில் நான் வெட்கப்படுகிற கையெழுத்து அது ஒன்றுதான்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். சிபாரிசைக் கண்டு பயந்து கட்டங்களுக்குள் ஒளிந்துகொள்ளாதீர்கள். கட்டம் போடுகிறவனுக்கு என்ன தெரியுமோ அதுதான் கட்டத்துக்குள் வரும். ஒருவரை உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால், அவர் பெயரை முதல் கூட்டத்திலேயே, காபி வருவதற்கு முன்பே, உரக்கச் சொல்லிவிடுங்கள். மார்க் பட்டியல் வந்தபிறகு சொல்கிறவனுக்குக் கணக்குப் பிழை திருத்தும் வேலைதான் கொடுப்பார்கள்.

மறுநாள் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு முறை சைக்கிளைத் திருப்பினேன். காதர் பாய் என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"எவ்ளோ நைனா?"

"ஒன்பது."

"போன தபா ஏழுதானே? ரெண்டு ஏறிக்கீதே!" என்று சிரித்துவிட்டு, மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார். அவர் சிரித்தது எனக்காகத்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

ராயப்பன் சிரிக்கவில்லை. மெழுகையும் நூலையும் கீழே வைத்தார்.

"அப்போ பர்மாவுக்கு பாய் போல்லியா சார்?"

"இல்லை."

"இந்த தபா யாரோட முட்டி சார்?" என்று கேட்டார்.